செப்புத் தகட்டு மலாக்காவும் மாஜோங் தாள் தோட்டமும்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா மலாய் மன்னராட்சி வருகிறது. பரமேஸ்வரா, மலாக்கா மரம், சருகுமான், துறைமுகம், ஷாபந்தர் என்று பாடம் நகரும். மாணவர்கள் பெயர்களை மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்நகரம் எவ்வாறு இருந்தது, எந்தப் பக்கம் ஆறு, எந்தப் பக்கம் சந்தை, நம்மவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இதற்கு விடை தேடப் போய்த்தான் எனக்குப் பழைய நகர வரைபடங்களின்மீது பற்று ஏற்பட்டது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட அந்தப் பழைய வரைபடங்களைப் பற்றியும், அவை நம் டெங்கில் வரை கொண்டுவந்து விட்ட ஒரு வேலையைப் பற்றியும் இன்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

முதலில் அவை உருவான விதம். மெருகேற்றிய செப்புத் தகட்டில் கூரிய சிற்றுளியால் கோடுகளைக் கீறுவார்கள். எழுத்தும் கோடும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். பிறகு தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். கீறலுக்குள் புகுந்த மை மட்டும் எஞ்சும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தினால், தாள் அந்தக் கீறலுக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். அழுத்தத்தால் தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு பள்ளமாகப் பதிந்துவிடும். மூலப் பிரதியா, பிற்காலத்து நகலா என்று பார்ப்பவர்கள் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது இந்த விளிம்புத் தடத்தைத்தான். வண்ணம் பூசுவது தனி வேலை; ஒவ்வொரு தாளுக்கும் கையால் தீட்டினார்கள்.

செம்பு விலை உயர்ந்தது. உழைப்பு அதைவிட உயர்ந்தது. ஆகவே ஒருவர் செதுக்கிய தகட்டை மற்றொரு பதிப்பாளர் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி மறுபடியும் அச்சிடுவது அக்காலத்தில் சாதாரணம். திருத்தம் வேண்டுமானால் தகட்டின் பின்புறம் சுத்தியலால் தட்டி, முன்புறம் தேய்த்து, அந்த இடத்தில் புதிதாகச் செதுக்குவார்கள். பல சமயம் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. அதனால், தாளில் அச்சான ஆண்டும் படத்திலுள்ள நகரத்தின் வயதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. வரைபடத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

இக்கலையின் பெருநூல் என்று சொல்லத் தக்கது, ஜெர்மனியின் கொலோன் நகரில் கியோர்க் பிரவுன், பிரான்ஸ் ஹோகன்பர்க் ஆகிய இருவரும் தொடங்கிய உலக நகரங்களின் தொகுப்பு. 1572 முதல் 1617 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. 500க்கும் மேற்பட்ட நகரங்கள் அதில் உள்ளன. முதல் தொகுதியிலேயே நம் பக்கத்துக் கோழிக்கோடும் கண்ணூரும் இடம்பெற்றன. கோழிக்கோட்டுக் காட்சியில் கரையோரம் யானை நிற்கிறது, கப்பல் கட்டுகிறார்கள், பின்னால் மலைகள். பார்க்கப் பார்க்கச் சலிக்காத படம். இத்தொகுப்பின் படங்களில் அந்தந்த ஊர் மக்கள் தங்கள் உடையில் முன்னால் நிற்பார்கள். அதற்குப் பிரவுன் தந்த விளக்கம் வேடிக்கையானது. மனித உருவம் வரைவது துருக்கியரின் சமயத்தில் விலக்கு. ஆகையால் மனிதர்கள் நிற்கும் படத்தை அவர்கள் பார்க்க மாட்டார்கள். நம் கோட்டைகளின் இரகசியம் அவர்கள் கைக்குப் போகாது என்றாராம்! துருக்கிய ஒற்றர்கள் அத்தனை கட்டுப்பாடு உள்ளவர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி மலாக்கா. 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றுவதற்கு முன் இருந்த சுல்தான்களின் மலாக்காவைக் கண்ணால் கண்டு அளந்து வரைந்த நகர வரைபடம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் வென்றவர்கள் வரைந்தவை. முதலில் போர்த்துகீசியர், 1641க்குப் பின் டச்சுக்காரர். அவர்கள் வரைபடங்களில் ஆற்றுக்குத் தெற்கே உள்ள கோட்டைதான் நாயகன். ஒவ்வொரு கொத்தளத்துக்கும் பெயர் உண்டு. மதிலின் ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாக இருக்கும். ஆற்றுக்கு வடக்கே மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியோ பெரும்பாலும் சில கட்டங்களாகவும் சில மரங்களாகவும் முடிந்துவிடும். பீரங்கி வைப்பவனுக்கு எது தேவையோ அது மட்டும் அளக்கப்பட்டது.

இந்த வழக்கத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மனுவேல் கொடின்யோ டி எரேடியா என்பவர் 1563இல் மலாக்காவிலேயே பிறந்தவர். தந்தை போர்த்துகீசியர், தாய் பூகிஸ் அரச குடும்பத்தவர். இவர் 1613இல் மலாக்காவைப் பற்றி ஒரு நூல் எழுதி, தம் கையாலேயே வரைபடங்களையும் வரைந்து சேர்த்தார். அக்கையெழுத்துப் பிரதி இன்று பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில் இருக்கிறது. 1882இல்தான் அது பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சேறியது; ஆங்கிலத்தில் மில்ஸ் என்பவர் 1930இல் வெளியிட்டார். கண்டிப்பாகப் பார்த்தால் இது செப்புத் தகட்டு வரைபடம் அன்று, கைவரைபடம். இருந்தாலும் இதை விட்டுவிட்டு மலாக்காவைப் பற்றிப் பேச இயலாது. ஏனெனில் எரேடியா ஆற்றுக்கு வடகரையையும் அந்த ஊர்ப் பிள்ளையின் கண்ணோடு பார்த்தார். அங்கே குடியிருப்புகளுக்குப் பெயர் எழுதினார்: கம்பொன் சீனா, கம்பொன் பெந்தாரா, கம்பொன் செலிம்.

கம்பொன் செலிம்தான் கம்போங் கிளிங். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் வாழ்ந்த இடம் என்று எரேடியாவே குறித்திருக்கிறார். அதாவது, நாம்.

இந்த வரைபடத்தின் நகல் ஒன்றை வகுப்பில் காட்டியபோது நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். நான் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெயர் வந்ததும் பின்வரிசையில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், அது கெட்ட வார்த்தை. கடைத்தெருவுல என்னைய அப்படித்தான் கூப்பிட்டாங்க. அதை ஏன் மேப்புல எழுதி வச்சிருக்காங்க?" என்றாள்.

மலேசியத் தமிழர்க்கு இது விளக்கம் தேவைப்படாத கேள்வி. அச்சொல் கலிங்கம் என்னும் பெயரிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் பலர் கூறுவர். நூற்றாண்டுக் கணக்கில் அது வெறும் ஊர்ப்பெயர். கடல் கடந்து வந்த வணிகர்களைக் குறித்த பெயர். பிற்காலத்தில்தான் வசைச் சொல்லாகிக் கூர்மை பெற்றது. இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "அந்தக் காலத்துல அது ஒரு முகவரிம்மா. தபால்காரர் தேடி வர்ற மாதிரி, கப்பல்காரர்கள் தேடி வந்த முகவரி" என்றேன். "அப்படின்னா அப்போ திட்டினா யாரும் அழ மாட்டாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். "அப்போது அது திட்டே இல்லை, இப்போது யாராவது அப்படிச் சொன்னால் அது தவறு, என்னிடம் வந்து சொல்" என்றேன். அவள் ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஆனால் இடைவேளையில் தனியே வந்து, அந்தப் பெயருக்கு நேராக எத்தனை வீடுகள் வரைந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெந்தாரா என்றால் பெண்டஹாரா, முதலமைச்சர். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் அப்பதவியை நினா சத்து என்னும் தமிழ் வணிகருக்கு அளித்தார்கள். 1514இல் பதவி பறிக்கப்பட்டபோது அவர் அவமானம் தாளாமல் தீப்பாய்ந்து உயிர்விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். நம் பாடத்தில் அவருக்கு இடமில்லை. ஐந்து நிமிடம் ஒதுக்கி நான் சொல்லிவிடுவேன்.

மலாக்காவுக்குச் சென்றால் இன்றும் இவற்றைக் கால்நடையாகவே பார்க்கலாம். 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781இல் டச்சு அரசு தந்த நிலத்தில் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம், சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில் மூன்றும் அருகருகே உள்ளன. பழைய வரைபடத்தில் வெறும் கட்டமாக இருந்த பகுதி அதுதான்.

ஜோங்கர் தெருவில் ஒரு கடையில் நான் டச்சுக்கால மலாக்கா வரைபடம் ஒன்றை வாங்கினேன். நகல்தான், மூலப் பிரதி வாங்க ஆசிரியர் சம்பளம் போதாது. அதைச் சட்டமிட்டு வகுப்பில் மாட்டியிருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்: "டீச்சர், எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு!" இக்கால அச்சில் படம் புள்ளிகளால் ஆனது, செப்புத் தகட்டு அச்சில் கோடு கோடாகவே இருக்கும். நடுவில் ஒரு மடிப்புக் கோடு தெரிகிறதே என்றும் கேட்பார்கள். அது மூலத்தின் மடிப்பு. இவ்வரைபடங்களில் பெரும்பாலானவை தனித் தாளாகப் பிறந்தவை அல்ல. பெரிய புத்தகங்களுக்குள் மடித்து வைத்துத் தைக்கப்பட்டவை. பிரான்சுவா வாலன்டைன் என்னும் டச்சுப் பாதிரியார் 1724 முதல் 1726 வரை வெளியிட்ட கிழக்கிந்தியப் பெருநூலில், கடலிலிருந்து பார்ப்பது போன்ற மலாக்காக் காட்சி ஒன்று உண்டு. அத்தகைய நூல்களைப் பிரித்து, பக்கம் பக்கமாகச் சட்டமிட்டு விற்கும் வணிகம் உலகெங்கும் நடக்கிறது. ஒரு முழு நூலைவிட நூறு தனித்தாள்களுக்கு அதிக விலை கிடைக்குமாம். சுவருக்கு அழகுதான், ஆனால் எந்த நூல், எந்தப் பக்கம், எதற்காகச் செதுக்கினார்கள் என்ற செய்தி அத்துடன் அறுந்துவிடுகிறது. எனக்கு இது மனத்துக்கு ஒப்பாத செயல்.

மலாக்காவுக்கு மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது வரைபடத்தின் மற்றொரு பயனை அவர்களே கண்டார்கள். சந்தியாகோ வாயிலின் முன் நின்றுகொண்டு ஒரு மாணவன், "மேப்புல கோட்டைக்கு முன்னாடி கடல் இருந்துச்சே, கடல் எங்க டீச்சர் போச்சு?" என்றான். எதிரே வாகன நிறுத்துமிடமும் பேரங்காடியும். பல பத்தாண்டுகளாகக் கடலை மண்ணிட்டு நிரப்பியதில் கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சியது அந்த ஒரு வாயில்தான். இங்கே கடல் இருந்தது, மதில் இருந்தது என்பதைச் சுற்றுப்பயணி ஒருவருக்கு நம்ப வைப்பது அந்தப் பழைய தாள்.

நம்பாதவர்களுக்கு 2006ஆம் ஆண்டு பதில் சொன்னது. பண்டார் ஹிலிரில் ஆற்று முகத்துவாரத்தின் அருகே சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுழலும் கோபுரம் ஒன்றை எழுப்பத் தோண்டியபோது, செம்பாறைக் கற்களால் ஆன அடித்தளம் வெளிப்பட்டது. டச்சுக்காரர் 1660இல் கட்டிச் சேர்த்த மிடில்பர்க் கொத்தளம் அது. வரைபடங்களில் பெயரோடு நின்றிருந்த அதே கொத்தளம். கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கொத்தளத்தின் ஒரு பகுதியை மீண்டும் எழுப்பினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மதராஸ் கதை இதற்கு நேர்மாறு. அங்கே தாள் மட்டும் மிஞ்சியது. ஆளுநர் தாமஸ் பிட் ஆட்சியின்போது நகரம் அளக்கப்பட்டது. அதை ஒட்டி லண்டனில் ஹெர்மன் மோல் 1726இல் செதுக்கி வெளியிட்ட வரைபடத்தில் புனித ஜார்ஜ் கோட்டையும், அதன் வடக்கே ஒட்டினாற்போல் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த 'கறுப்பர் நகரமும்' உள்ளன. தெருக்கள், கோயில், சந்தை, தோட்டங்கள் எல்லாம் அதில் உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்ததும் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். நகரத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மீதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கிக்குத் தடையில்லாத வெளி வேண்டும் என்பது காரணம். கோயில் கூடத் தப்பவில்லை. பின்னர் வேறிடத்தில் கட்டிக்கொண்டார்கள். மக்கள் வடக்கே நகர்ந்து புதிய கறுப்பர் நகரத்தை உருவாக்கினார்கள். அதுவே பின்னாளைய ஜார்ஜ் டவுன். காலியான இடத்தின் ஒரு பகுதியில் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. ஆளுநராக இருந்த எலிஹு யேலின் இளம் மகனுடைய கல்லறைத் தூண் மட்டும் அப்பக்கத்தில் பழைய இடுகாட்டை நினைவூட்டி நின்றது. அத்தனை குடும்பங்கள் நடந்த தெருக்களைக் காண, இன்று செப்புத் தகட்டில் பதிந்த அந்தக் கோடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மதராஸ் நினைவில் நிற்கவில்லை. டெங்கில்தான் நின்றது.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். டெங்கிலின் பக்கத்தில்தான் புத்ராஜெயா. 1990களின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கிய அந்த நிர்வாகத் தலைநகரம் 2001 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அதற்கு முன் அங்கே பேராங் பெசார், செஜ்லி, காலோவே, மேடிங்லி என்று ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பேராங் பெசார் என்றால் பெரும்போர். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே உருவாக்கிய உயர்ரகக் கன்றுகள் 'பி.பி.' என்னும் எழுத்துகளோடு இன்றும் பல நாடுகளில் அறியப்படுகின்றன. மரத்தின் பெயரில் தோட்டம் வாழ்கிறது. பால் வெட்டியவர்கள் 1990களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். என் மாணவர்களில் சிலர் அவர்களின் பேரப்பிள்ளைகள்.

நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் தோட்டம் என்பது ஒரு பெயரும், பச்சை நிறமும், சில சிறு கறுப்புக் கட்டங்களுமே. அந்தக் கட்டங்கள்தாம் லயன் வீடுகள். எந்த லயனில் யார், எங்கே பெரட்டுக்களம், எங்கே ஆயாக்கொட்டகை என்று அதில் இராது. கோட்டையைப் பெரிதாக்கிக் குடியிருப்பைக் கட்டமாக்கிய டச்சுக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்திருக்கிறோம்.

ஆகவே ஒரு பயிற்சி தந்தேன். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தை வரைந்து வரச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு துண்டாகக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் ஒட்டி, ஆறு மாஜோங் தாள்களில் ஒரே படமாக்கினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று அதைச் சுவரில் மாட்டினேன். அன்று கூட்டம் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. இரண்டு மூதாட்டிகள் ஆயாக்கொட்டகை கோயிலுக்கு மேல்பக்கமா கீழ்பக்கமா என்று வாதிட்டார்கள். "ஏண்டி, என் மவன அங்கதான விட்டுட்டு வெட்டுக்குப் போவேன், எனக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். மற்றவரோ, "நீ சொல்றது பழைய கொட்டகை, வெள்ளத்துக்கு முன்னாடி" என்றார். செப்புத் தகட்டைப் பின்புறம் தட்டித் திருத்துவார்களே, அதுபோல் நாங்களும் அந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, இரண்டு கொட்டகைகளையும் வரைந்தோம்.

படத்தில் அளவு என்பது இல்லை. மாரியம்மன் கோயில் மேனேஜர் பங்களாவைவிட மூன்று மடங்கு பெரியது. பந்து விளையாடும் திடல் அதைவிடப் பெரியது. கிராணி வீட்டு நாய்க்குத் தனிப் பெயர் எழுதியிருந்தது. கோழிக்கோட்டு யானையைப் போல் அந்த நாயும் படத்தின் முன்னால் நிற்கிறது. இவற்றையெல்லாம் நான் திருத்தவில்லை. அளவுகோல் வேண்டுமானால் அரசு வரைபடத்தில் இருக்கிறது. லயனிலிருந்து பெரட்டுக்கு எத்தனை அடி என்பதைவிட, விடியற்காலை இருட்டில் எந்தப் பாலத்தைக் கடக்கப் பயந்தார்கள் என்பது இந்தப் படத்தில்தான் உண்டு. பாலத்தின் அருகில் ஒரு மாணவன் 'பேய் இருக்கும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். ஐரோப்பியச் செதுக்குநர்கள் கடல் நடுவே பூதங்களை வரைந்தார்களே, அதை நான் அவனுக்குக் காட்டியிருக்கவே கூடாது!

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் படத்தின் முன் நின்றிருந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா சுடுகாட்டைக் காணோமே" என்றார். எந்தப் பிள்ளையும் அதை வரையவில்லை. பிள்ளைகளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கே இருந்தது என்று கேட்டேன். ரப்பர் நிரைகளைத் தாண்டி, ஓடைக்கு அப்பால் என்று படத்தின் விளிம்புக்கு வெளியே சுவரில் விரலை வைத்தார். அவருடைய மனைவியை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்களாம். இப்போது அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஏழாவது தாளை ஒட்டினோம். ஓடையை நீட்டி வரைந்து, அப்பால் அந்த இடத்தைக் குறித்தோம். பெயர்கள் எழுத இடம் விட்டிருக்கிறோம். இதுவரை 11 பெயர்கள் வந்துள்ளன. அந்த நான்கு தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், பள்ளி நாளில் மாலை நேரத்தில் வந்து பாருங்கள். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. பென்சிலும் அருகிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.